31 வாரம், கால் வீக்கம், தலைவலி: அடுத்த செக்-அப் வரை காத்திருக்கலாமா?

வாசகர் கேள்வி, 3 ஜூன் 2024, இரவு 8.50

மனைவிக்கு 31 வாரம். முதல் குழந்தை. நான்கு நாளாகக் கால் வீங்கியிருக்கிறது, செருப்பு நுழையவில்லை. நேற்றிலிருந்து தலைவலி. பாராசிட்டமால் போட்டும் விட்டபாடில்லை. "மாசமா இருந்தா கால்ல நீர் கோக்கத்தான் செய்யும், தலைவலி பித்தம்" என்கிறார் என் அம்மா. அடுத்த செக்-அப் 15ஆம் தேதி. வயது 26, சுகர் இல்லை, ஹீமோகுளோபின் 11. எந்த ரிஸ்க்கும் இல்லாதவள். காத்திருக்கலாம் என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

3 ஜூன் 2024, இரவு 9.15

காத்திருக்காதீர்கள். இன்றிரவே பி.பி. பாருங்கள். பக்கத்தில் 24 மணி நேர ஆரம்ப சுகாதார நிலையம் இருந்தால் அங்கே போங்கள், இல்லையென்றால் எந்த ஆஸ்பத்திரி திறந்திருக்கிறதோ அங்கே. கர்ப்பகால அட்டையையும் ஸ்கேன் ரிப்போர்ட்டையும் கையோடு எடுத்துக்கொள்ளுங்கள். சிறுநீரில் புரதம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மேல் எண் 140 அல்லது கீழ் எண் 90, இரண்டில் ஒன்று அதைத் தொட்டாலே வீட்டுக்குத் திரும்பும் பேச்சு வேண்டாம்.

கண் மங்குகிறது, மின்மினி பறப்பது போலத் தெரிகிறது, நெஞ்சுக்குழியில் வலி, வாந்தி என்று ஏதாவது சொன்னால் வண்டி தேடிக்கொண்டிருக்காமல் 108ஐ அழையுங்கள். மீதியை அப்புறம் எழுதுகிறேன். முதலில் கிளம்புங்கள்.

3 ஜூன் 2024, இரவு 10.40

இவ்வளவு அவசரப்படுத்தியதற்குக் காரணம் இருக்கிறது. எனக்கு வந்த சந்தேகம் ப்ரீ-எக்லாம்ப்சியா: கர்ப்பத்தில் பி.பி. ஏறி, உடம்பின் உறுப்புகளைக் கெடுத்து, வலிப்பு வரை போகக்கூடிய நோய்.

2011. எனக்கு 24 வயது, முதல் பிரசவம். வளைகாப்பு முடிந்து ஒரத்தநாடு பக்கத்தில் அம்மா வீட்டில் இருந்தேன். 34ஆவது வாரம். மூன்று நாளாகத் தலைவலி. பித்தம் என்று சுக்கை உரசிப் பற்றுப் போட்டார்கள். மோதிரம் கழற்ற முடியவில்லை. நீர் கோத்திருக்கிறது என்று பார்லித் தண்ணீர் வைத்துக் கொடுத்தார்கள். நான்காம் நாள் நெஞ்சுக்குழிக்குக் கீழே, வலப்பக்கமாக, ஆளைச் சுருட்டுகிற வலி. வாயுப் பிடிப்பு என்று ஓமத்தண்ணீர். ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருந்தது, ஒவ்வொரு பெயருக்கும் ஒரு வைத்தியம் இருந்தது. மூன்றையும் சேர்த்துப் பார்க்க வீட்டில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்கும்தான்.

அன்று புதன்கிழமை, துணை சுகாதார நிலையத்தில் தடுப்பூசி நாள். பக்கத்து வீட்டுக் குழந்தை ஊசிக்கு வராததால் தேடி வந்த கிராம சுகாதார செவிலியர், திண்ணையில் உட்கார்ந்திருந்த என் முகத்தைப் பார்த்துவிட்டு வண்டியை நிறுத்தினார். "என்னம்மா, மூஞ்சி இப்படி உப்பியிருக்கு?" பி.பி. 170/110. இரண்டாவது தடவை பார்த்தார், மாறவில்லை. சிறுநீர் பிடித்துத் தரச் சொல்லி, கண்ணாடிக் குழாயில் ஊற்றி, மேல்பாதியை ஸ்பிரிட் விளக்கில் காட்டினார். பால் திரிந்த மாதிரி வெளுத்தது. இரண்டு சொட்டு அமிலம் விட்டுப் பார்த்தார், தெளியவில்லை. முட்டையின் வெள்ளைக்கரு வெந்தால் வெளுக்கிறதே, அதே சங்கதி. சூடு பட்ட புரதம். உடம்பில் இருக்க வேண்டியது சிறுநீரில் போய்க்கொண்டிருந்தது.

அவரே 108ஐ அழைத்தார். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ஜுரம் இல்லாமல் அன்று ஊசி போட்டிருந்தால், அவர் எங்கள் தெருவுக்கே வந்திருக்க மாட்டார். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குத் தூக்கம் போய்விடும்.

4 ஜூன் 2024, காலை 6.30

கேள்வி கேட்டவர் இரவு ஒன்றரை மணிக்குப் பதில் போட்டிருக்கிறார். 148/96. சிறுநீரில் புரதம் ஒரு பிளஸ். நாலு மணி நேரம் கழித்து மறுபடி பார்த்ததில் 146/94. படுக்கையில் சேர்த்துவிட்டார்கள்.

நல்ல வேளை. கடுமையான எல்லை 160/110. அதற்கு முன்னாலேயே ஆஸ்பத்திரிக்குள் இருக்கிறார்கள். பயப்படாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், ஆனால் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறார். ரத்தத்தில் தட்டணுக்கள் (பிளேட்லெட்), கல்லீரல் நொதிகள், சிறுநீரகத்துக்கான கிரியாட்டினின் பார்த்தார்களா என்று மட்டும் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

4 ஜூன் 2024, இரவு 9.50

"எந்த ரிஸ்க்கும் இல்லாதவள்" என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரி பகலெல்லாம் என் மனதை அறுத்துக்கொண்டிருந்தது. 2011இல் என் அட்டையிலும் சிவப்பு மையில் எதுவும் எழுதவில்லை. உயரம் சரி, எடை சரி, சுகர் இல்லை, ரத்தம் 10.8. "ஹை ரிஸ்க் மதர்" பட்டியலில் நான் இல்லை.

முதல் பிரசவம் என்பதே இந்த நோய்க்கு ஒரு காரணி. அதை யாரும் காரணியாக நினைப்பதில்லை, ஏனென்றால் எல்லாருக்கும் ஒரு முதல் பிரசவம் உண்டு. அது போக, ஏற்கெனவே பி.பி. உள்ளவர்கள், சர்க்கரை, சிறுநீரக நோய், லூபஸ் போன்றவை உள்ளவர்கள், இரட்டைக் குழந்தை சுமப்பவர்கள், உடல் பருமன், வயது 35ஐத் தாண்டியது, முந்தைய பிரசவத்தில் இது வந்தவர்கள். இதெல்லாம் ஓரளவு கேட்பார்கள், எழுதுவார்கள். கேட்டாலும் பதில் வராத ஒன்று உண்டு: அம்மாவுக்கோ அக்கா தங்கைக்கோ வந்ததா என்பது.

தஞ்சாவூர் ராசா மிராசுதார் மருத்துவமனையில் என்னைப் பார்த்த பெண் டாக்டர் அதைத்தான் கேட்டார். "உங்கம்மாவுக்கு பி.பி. வந்துச்சா? வலிப்பு வந்துச்சா?" "இல்லை" என்றேன். எனக்குத் தெரிந்தது அவ்வளவுதான். கட்டில் ஓரமாக நின்றிருந்த அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். 1984இல் அவருக்கு முதல் பிரசவம். எட்டு மாதத்தில் வீட்டிலேயே ஜன்னி கண்டு, பல் கிட்டி, கண் செருகிப் போனாராம். மாட்டு வண்டியில் கொண்டுபோனார்களாம். அம்மா பிழைத்தார். ஆண் குழந்தை, பிழைக்கவில்லை. நானும் தங்கையும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள்.

எனக்கு ஓர் அண்ணன் இருந்தான் என்பதை மகப்பேறு வார்டில் படுத்துக்கொண்டு தெரிந்துகொண்டேன்.

அம்மா மறைத்தார் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. பிள்ளைத்தாய்ச்சி காதில் இதெல்லாம் போடக்கூடாது என்பது எங்கள் வீட்டுப் பழக்கம், அநேகமாக உங்கள் வீட்டிலும்தான். கண் பட்டுவிடும், மனசு கலங்கிவிடும். அன்பினால் மூடி வைத்த கதை அது. ஆனால் என் அட்டையில் எழுதப்பட்டிருக்க வேண்டிய ஒரே வரியும் அந்தக் கதைக்குள்தான் இருந்தது.

உங்கள் மாமியாரிடம் கேளுங்கள். "உங்களுக்கு பி.பி. இருந்ததா" என்று கேட்டால் இல்லை என்றுதான் வரும், அந்தக் காலத்தில் யார் பார்த்தார்கள்? வலிப்பு வந்ததா, ஜன்னி கண்டதா, முகம் கை வீங்கியதா, குழந்தை முன்னதாகப் பிறந்ததா, தங்காமல் போன குழந்தை உண்டா. இப்படிக் கேளுங்கள். தனியாக, உட்கார்ந்து, நேரம் கொடுத்து.

5 ஜூன் 2024, காலை 7.10

ஒரு திருத்தம். முதல் நாள் வீக்கத்தைப் பற்றி நான் எழுதியதைப் படித்துவிட்டு ஒருவர், "எனக்கு வீக்கமே இல்லை, அப்படியென்றால் எனக்கு வராதுதானே" என்று கேட்டிருக்கிறார். அப்படி எடுத்துக்கொள்ளக் கூடாது. தவறு நான் எழுதிய விதத்தில்.

கணுக்கால் வீக்கம் பெரும்பாலான கர்ப்பிணிகளுக்கு வரும், சாயங்காலம் கூடும், காலை நீட்டிப் படுத்தால் வடியும். அந்த வகையில் கேள்வி கேட்டவரின் அம்மா சொன்னது முழுக்கத் தவறில்லை. கண்ணிமை, முகம், விரல்கள் வீங்குவது, ஒரே வாரத்தில் எடை திடுமென ஏறுவது, இவைதான் கவனிக்க வேண்டியவை. ஆனால் வீக்கம் இல்லாமலும் இந்த நோய் வரும். தங்கைக்கு வந்தபோது கொலுசு காலில் ஆடிக்கொண்டிருந்தது. அவள் கதையை அப்புறம் சொல்கிறேன்.

இன்னொன்று. சிறுநீரில் புரதம் இருந்தால்தான் இந்த நோய் என்று நானும் பல வருஷம் நம்பினேன். 2013இல் அமெரிக்க மகப்பேறு மருத்துவர் கல்லூரி வரையறையை மாற்றியது. 20 வாரத்துக்கு மேல் புதிதாக பி.பி. ஏறி, தட்டணுக்கள் குறைவது, கல்லீரல் அல்லது சிறுநீரகம் பாதிக்கப்படுவது, நுரையீரலில் நீர், விடாத தலைவலி, பார்வைக் கோளாறு இவற்றில் ஒன்று இருந்தால், புரதம் இல்லாவிட்டாலும் அது முன்சூல்வலிப்புதான். இந்தத் தமிழ்ச் சொல் யார் வாயிலும் வருவதில்லை. ப்ரீ-எக்லாம்ப்சியா என்றே எழுதுகிறேன்.

7 ஜூன் 2024, இரவு 8.30

கேள்வி கேட்டவரிடமிருந்து ஒரு செய்தி. மாமியாரிடம் பேசியிருக்கிறார். அவர் மனைவியே எட்டாம் மாதத்தில் பிறந்தவராம். "கைகால் வீங்கி, பெரியாஸ்பத்திரியில் போட்டு, ஆயுதம் போட்டு எடுத்தார்கள்" என்றாராம் மாமியார். இது வரை மகளிடம் சொன்னதில்லை.

டாக்டரிடம் சொல்லிவிட்டீர்களா? அட்டையில் எழுதச் சொல்லுங்கள்.

8 ஜூன் 2024, மதியம் 2.20

உப்பு. இதை விட்டுவிட்டுப் போனால் எனக்குச் சாப்பாடு இறங்காது.

எங்கள் பக்கம் சிறுநீரில் புரதம் போவதை "யூரின்ல உப்பு போகுது" என்று சொல்வார்கள். செவிலியர்களே சில சமயம் புரியட்டும் என்று அப்படிச் சொல்லிவிடுகிறார்கள். கேட்ட குடும்பம் என்ன செய்யும்? அடுப்படியில் உப்பு டப்பாவை எடுத்து மேலே வைத்துவிடும். இந்த இழையில் ஒரு சகோதரி எழுதியிருப்பது அதுதான்: இரண்டு வாரமாக மருமகளுக்கு உப்பில்லாத கஞ்சி, "உப்பு குறைஞ்சிரும்" என்று.

அந்த உப்பு சாப்பாட்டு உப்பு இல்லை. அது புரதம். உப்பைக் குறைத்து ப்ரீ-எக்லாம்ப்சியாவைத் தடுக்க முடியாது, அந்த நோக்கத்துக்காக உப்பைக் கட்டுப்படுத்த வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனமே சொல்லியிருக்கிறது. அதற்காக ஊறுகாயும் அப்பளமுமாகச் சாப்பிடச் சொல்லவில்லை, வழக்கமான ருசிக்குப் போடுங்கள். உப்பில்லாத கஞ்சியை அந்தப் பெண் பாதிதான் குடிப்பாள். சோறும் முட்டையும் பருப்பும் தேவைப்படுகிற நேரத்தில் பட்டினி போடுகிறோம்.

பார்லித் தண்ணீரும் அப்படியே. குடித்தால் கெடுதல் இல்லை. "பார்லி குடிக்கிறாள், வடிந்துவிடும்" என்று நான்கு நாள் காத்திருப்பதில்தான் கெடுதல்.

கால்சியம் வேறு கதை. சாப்பாட்டில் கால்சியம் குறைவாக உள்ள இடங்களில் மாத்திரையாகக் கொடுத்தால் இந்த நோய் வருவது குறைகிறது. சுகாதார நிலையத்தில் தரும் கால்சியம் மாத்திரையை "சத்து மாத்திரைதானே" என்று அலமாரியில் சேர்த்து வைக்காதீர்கள். இரும்புச்சத்து மாத்திரையோடு சேர்த்துப் போடாமல், ஒன்றைக் காலையிலும் மற்றதை வேறு வேளையிலும் போடுங்கள்.

10 ஜூன் 2024, இரவு 10.05

"பி.பி. மாத்திரை கொடுத்தால் சரியாகிவிடும்தானே, எதற்கு ஆஸ்பத்திரியிலேயே வைத்திருக்கிறார்கள்?" என்று கேள்வி வந்திருக்கிறது. எனக்குப் புரிந்த வரை சொல்கிறேன்.

பி.பி. இந்த நோயின் முகம் மட்டும்தான். வேர் நஞ்சில், அதாவது குழந்தைக்கு ரத்தம் வாங்கித் தரும் பிளசென்டாவில் இருக்கிறது. கர்ப்பத்தின் முதல் பாதியில், கருப்பையிலிருந்து நஞ்சுக்குப் போகும் சிறு ரத்தக் குழாய்கள் அகலமாகி, வாய்க்கால் ஆறானது போல ஆக வேண்டும். சிலருக்கு அது சரியாக நடப்பதில்லை. ரத்தம் போதாத நஞ்சு சில பொருட்களைத் தாயின் ரத்தத்தில் விடுகிறது. அவை உடம்பெங்கும் ரத்தக் குழாய்களின் உட்சுவரைக் கெடுக்கின்றன. சிறுநீரகத்தில் கெடுத்தால் புரதம் ஒழுகும். கல்லீரலில் என்றால் நெஞ்சுக்குழி வலி, நாங்கள் வாயு என்றோமே, அது. கண்ணிலும் மூளையிலும் என்றால் மின்மினி, தலைவலி, பிறகு வலிப்பு. நஞ்சு கருப்பையிலிருந்து முன்கூட்டியே பிய்ந்து உள்ளே ரத்தம் கொட்டுவதும் உண்டு. குழந்தைக்கும் போதிய ரத்தம் போகாமல் எடை ஏறாது.

மாத்திரை தாயின் மூளையில் ரத்தக்கசிவு வராமல் காக்கும். லாபெட்டலால், நிஃபெடிபின், மெத்தில்டோபா, இவைதான் வழக்கமாகக் கொடுப்பவை. பி.பி.க்கு ஏற்கெனவே வேறு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் கர்ப்பம் என்று தெரிந்ததும் டாக்டரிடம் காட்டி மாற்றிக்கொள்ள வேண்டும், சில மாத்திரைகள் குழந்தையின் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நோய் இறங்குவது நஞ்சு வெளியே வந்த பிறகுதான். அதனால் ஆஸ்பத்திரியில் நடப்பது ஒரு தராசு வேலை: உள்ளே இருந்தால் குழந்தைக்கு நுரையீரல் முதிரும், வெளியே எடுத்தால் தாய்க்கு ஆபத்து தீரும். கடுமை இல்லாவிட்டால் 37 வாரம் வரை தள்ளப் பார்ப்பார்கள். கடுமையானால் அவ்வளவு தள்ள மாட்டார்கள். குழந்தை முன்னதாக வரலாம் என்று தோன்றினால் நுரையீரல் முதிர தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போடுவார்கள்.

வலிப்பைத் தடுக்க மெக்னீசியம் சல்பேட். எனக்குச் சுகாதார நிலையத்திலேயே முதல் டோஸைப் போட்டுத்தான் 108இல் ஏற்றினார்கள். நரம்பில் ஏறும்போது மிளகாயை அரைத்து உடம்பெல்லாம் பூசின மாதிரி எரிந்தது. பிறகு இரண்டு புட்டத்திலும் ஒவ்வொன்று. தஞ்சாவூரில் ஒரு பயிற்சி டாக்டர் மணிக்கொரு தரம் வந்து முழங்காலில் தட்டுவார், மூச்சை எண்ணுவார், சிறுநீர்ப் பையைப் பார்ப்பார். மருந்து அளவு மீறினால் முதலில் முழங்கால் துள்ளல் நின்றுபோகுமாம், அதைப் பார்க்கத்தான். அப்போது எனக்கு அந்தப் பையன் மேல் கோபம் கோபமாக வந்தது. இப்போது அவர் எந்த ஊரில் இருந்தாலும் நன்றாக இருக்கட்டும்.

இந்த மருந்து வலிப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்பதை 33 நாடுகளில் 10,000 பெண்களுக்கு மேல் சேர்த்து நடத்திய மேக்பை ஆய்வு 2002இல் காட்டியது. விலை மலிவான மருந்து. எல்லாச் சுகாதார நிலையத்திலும் இருக்க வேண்டியது, போடத் தெரிந்த கையும் கூடவே.

அன்று ராத்திரி சிசேரியன். 1.7 கிலோ. 19 நாள் பச்சிளங்குழந்தைப் பிரிவில் இருந்தாள். இப்போது 13 வயது, என்னை விட இரண்டு விரல் உயரம், என் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விடுகிறாள்.

12 ஜூன் 2024, காலை 6.50

வீட்டில் பி.பி. மெஷின் வாங்கலாமா என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். வாங்கலாம். மணிக்கட்டில் கட்டுவது வேண்டாம், மேல்கையில் கட்டுவது. கை பருமனாக இருந்தால் பெரிய பட்டை கேட்டு வாங்குங்கள், சின்னப் பட்டை எண்ணைக் கூட்டிக் காட்டும். ஐந்து நிமிஷம் சும்மா உட்கார்ந்து, முதுகு சாய்த்து, பாதம் தரையில் பட, கை நெஞ்சு மட்டத்தில் இருக்க, பேசாமல் பாருங்கள். தேதி போட்டு நோட்டில் எழுதுங்கள். மெஷினை ஒரு தடவை ஆஸ்பத்திரிக்கு எடுத்துப்போய் அவர்கள் மெஷினோடு ஒத்துப் பாருங்கள்.

என் மாமியார் இந்த விஷயத்தில் எங்கள் தெருவுக்கே பொறுப்பு எடுத்துக்கொண்டார். எந்த வீட்டுப் பெண் மாசமாக இருந்தாலும் வெள்ளிக்கிழமை கோயிலுக்குப் போகும் வழியில் எங்கள் வீட்டுத் திண்ணையில் கையை நீட்ட வேண்டும். பேசினால் அதட்டு. பார்த்து முடித்ததும் ஒரு கடலை மிட்டாய். கடலை மிட்டாய்க்காக மாசமாக இல்லாதவர்களும் வரிசையில் நிற்பார்கள்.

16 ஜூன் 2024, இரவு 9.00

இழை வேறு பக்கம் ஓடுகிறது, ஓடட்டும். கேட்டவற்றில் எனக்குத் தெரிந்தவை மட்டும்.

ரத்தப் போக்கு: எந்த மாதமானாலும், சொட்டாக இருந்தாலும், உடனே போங்கள். கடைசி மாதங்களில் வலியே இல்லாமல் ரத்தம் வந்தால் நஞ்சு கீழே, கருப்பை வாயை மூடி இருக்கலாம். அங்கே போனதும் ஸ்கேனில் நஞ்சு எங்கே இருக்கிறதென்று முதலில் சொல்லுங்கள், அது தெரியாமல் விரல் விட்டுப் பரிசோதிக்கக் கூடாது. வயிறு கல்லாக இறுகி வலியோடு ரத்தம் என்றால் நஞ்சு பிய்ந்திருக்கலாம். அதில் வெளியே தெரியும் ரத்தம் கொஞ்சமாக இருந்தும் உள்ளே நிறைய தேங்கியிருக்கும். அளவைப் பார்த்து ஏமாறாதீர்கள். இரண்டு மூன்று மாதத்தில் ஒரு பக்க அடிவயிற்று வலியும் மயக்கமும் என்றால் கரு குழாயில் தங்கியிருக்கலாம், அது உயிர் போகிற அவசரம்.

குழந்தை அசைவு: "கடைசி மாதத்தில் இடம் இல்லை, அசைவு குறையும்" என்பது தவறு. அசைவின் விதம் மாறலாம், அசைவு குறையக் கூடாது. உங்கள் குழந்தையின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அது மாறினால் இனிப்பு சாப்பிட்டுப் பார்க்கலாம், விடியட்டும் என்று இருக்காதீர்கள்.

சர்க்கரை: வெறும் வயிறாக இல்லாவிட்டாலும் 75 கிராம் குளுக்கோஸ் குடித்து இரண்டு மணி நேரம் கழித்துப் பார்க்கலாம், 140ஐத் தொட்டால் கர்ப்பகால நீரிழிவு. இந்த எளிய முறையை நம் நாட்டில் பரப்பியவர் சென்னையைச் சேர்ந்த டாக்டர் வி. சேஷையா. "பஸ்ஸில் வரும்போதே சாப்பிட்டுவிட்டேன், அதனால் டெஸ்ட் எடுக்கவில்லை" என்று திரும்பிப் போகிறவர்களுக்காகவே வந்த முறை போல எனக்குத் தோன்றும். முதல் தடவை சரியாக இருந்தாலும் 24 முதல் 28 வாரத்துக்குள் மறுபடி பார்க்க வேண்டும்.

உள்ளங்கையும் உள்ளங்காலும் ராத்திரியில் அரிக்கிறது என்று ஒருவர் எழுதியிருக்கிறார். தோல் டாக்டரிடம் போகும் முன் மகப்பேறு டாக்டரிடம் சொல்லுங்கள், பித்த அமிலம் பார்க்க வேண்டியிருக்கும். நாம் எதற்கெல்லாமோ பித்தம் என்கிறோம். நிஜமாகவே பித்த நீர் சம்பந்தப்பட்ட ஒன்று இதுதான்.

22 ஜூன் 2024, மாலை 5.15

ஆஸ்பிரின் பற்றி. போன வாரம் வேறொரு பதிலில் "இப்போதெல்லாம் ஆஸ்பிரின் கொடுத்துத் தடுத்துவிடுகிறார்கள்" என்று சுருக்கமாக எழுதிவிட்டேன். அதைப் படித்து எட்டாம் மாதத்தில் இருக்கும் ஒருவர் மெடிக்கலில் கேட்கப் போவதாகச் சொல்கிறார். தயவுசெய்து வேண்டாம்.

குறைந்த அளவு ஆஸ்பிரின் காரணிகள் உள்ளவர்களுக்கு மட்டும், அதுவும் 12 வாரத்துக்கு மேல், முடிந்தால் 16 வாரத்துக்குள் ஆரம்பித்தால்தான் முழுப் பலன். அந்த வாய்க்கால் ஆறாகிற காலம் அதுதான். ஆஸ்பிரி என்ற ஆய்வு 2017இல் வந்தது. 150 மில்லிகிராம் கொடுத்தபோது 37 வாரத்துக்கு முன் வருகிற வகை 62 விழுக்காடு குறைந்தது. நோய் வந்த பிறகு ஆஸ்பிரின் அதைத் திருப்பாது. யாருக்கு, எவ்வளவு, எப்போது நிறுத்துவது என்பது டாக்டர் முடிவு.

தங்கைக்கு 2019இல் கொடுத்தார்கள். எப்படிக் கிடைத்தது? பதிவு செய்யப் போன முதல் நாளே அம்மா கூடவே போய், யாரும் கேட்பதற்கு முன்னால், 1984ஐயும் 2011ஐயும் வாய்விட்டுச் சொன்னார். டாக்டர் எழுதிக்கொண்டார். 35 வருஷம் கழித்து அம்மா அந்தக் குழந்தையைப் பற்றி ஒரு வெளி ஆளிடம் பேசியது அன்றுதான். திரும்பி வரும்போது ஆட்டோவில் அவன் எப்படி இருந்தான் என்று எங்களுக்குச் சொன்னார். தலை நிறைய முடியாம்.

தங்கைக்கு 38 வாரம் வரை பி.பி. ஏறவில்லை. சுகப்பிரசவம். அதோடு முடிந்தது என்று நினைத்தோம்.

3 ஜூலை 2024, காலை 7.40

"அரசு ஆஸ்பத்திரிக்கெல்லாம் யார் போவது" என்று ஒரு பதில். போகாவிட்டால் போங்கள், ஆனால் பதிவாவது செய்யுங்கள். 2018-20 கணக்கில் நாடு முழுவதும் லட்சம் உயிர்ப்பிறப்புக்கு 97 தாய்மார் இறந்தார்கள், தமிழ்நாட்டில் 54. அந்த வித்தியாசத்தில் வீடு வீடாக ஸ்கூட்டியில் போகிற செவிலியர்களின் கால் வலிக்கும் பங்கு உண்டு. 54உம் நமக்கு அதிகம்தான், அதே கணக்கில் கேரளத்தில் 19.

15 ஜூலை 2024, இரவு 11.20

பிறந்துவிட்டது! 37 வாரம். பெண் குழந்தை, 2.4 கிலோ. பி.பி. ஒரு நாள் 158 வரை போயிருக்கிறது, வலி வரவழைத்துப் பிரசவம் பார்த்திருக்கிறார்கள். தாயும் பிள்ளையும் நலம் என்று எழுதியிருக்கிறார். இந்த இழையில் இத்தனை பேர் சந்தோஷப்பட்டு இப்போதுதான் பார்க்கிறேன்.

இப்போது தங்கை கதையின் மீதி. தள்ளிப் போட்டதே இந்த நாளுக்காக.

மூன்றாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். அனுப்பும் அன்று அவளுக்கு பி.பி. பார்க்கவில்லை. "ஆறு வாரம் கழித்து வாங்க" என்று சீட்டு. ஆறாம் நாள் தலைவலி. ராத்திரி முழுக்க முழித்துப் பால் கொடுக்கிறாள், தூக்கமில்லை, அதனால்தான் என்றேன். சொன்னது நான்தான். 2011ஐ அனுபவித்த நான். பித்தம், நீர், வாயு என்று பெரியவர்கள் சொன்னதைக் குறைப்பட்டவள், "தூக்கமின்மை" என்று புதுப் பெயர் வைத்து அதே வேலையைச் செய்தேன். அம்மாதான் மெஷினைக் கொண்டுவந்து கட்டினார். 168/108. வீக்கம் துளி இல்லை.

மறுபடி சேர்த்தோம். மெக்னீசியம், மாத்திரை, நான்கு நாள். வலிப்பு வரவில்லை.

பிரசவத்துக்குப் பிறகு ஆறு வாரம் வரை இது வரலாம். கர்ப்பத்தில் பி.பி. இல்லாதவர்களுக்கும் வரலாம். பிறந்த மூன்றாம் நாளிலிருந்து ஆறாம் நாள் வரை பி.பி. உச்சத்துக்குப் போகிற காலம், சரியாக அந்த நாட்களில்தான் எல்லாரும் குழந்தையைப் பார்க்க வந்து, தாயை யாரும் பார்க்காமல் இருப்போம்.

அதனால் சொல்கிறேன்: டிஸ்சார்ஜ் அன்று பி.பி. பார்க்காமல் கிளம்பாதீர்கள். வீட்டில் முதல் பத்து நாள் காலையும் மாலையும் பாருங்கள். மாத்திரை எழுதியிருந்தால் "பால் கொடுக்கிறாள்" என்று நிறுத்தாதீர்கள், பால் கொடுப்பவர்களுக்கு ஏற்ற மாத்திரைதான் எழுதுவார்கள், சந்தேகம் இருந்தால் அவர்களையே கேளுங்கள்.

16 ஜூலை 2024, காலை 6.15

ஒன்று விட்டுப்போனது. ரத்தப் போக்கையும் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குள் ஒரு நாப்கின் முழுக்க நனைந்தால், கட்டி கட்டியாகப் போனால், தலை சுற்றினால், உடனே ஆஸ்பத்திரி. "தீட்டு நல்லா போகட்டும்" என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

25 ஜூலை 2024, இரவு 9.30

பத்தாம் நாள் 126/82 என்று படம் போட்டிருக்கிறார். மாத்திரை இன்னும் ஓடுகிறது.

கேட்டிருக்கிறார்: "அடுத்த குழந்தைக்கும் வருமா?" வர வாய்ப்பு மற்றவர்களை விட அதிகம், நிச்சயம் என்றில்லை. எனக்கு இரண்டாவதில் வரவில்லை. அடுத்த முறை 12 வாரத்துக்கு முன்பே டாக்டரிடம் போங்கள். வேறொன்றும் இருக்கிறது, இதைப் பலர் சொல்வதில்லை. இந்த நோய் வந்த பெண்களுக்குப் பிற்காலத்தில் ரத்த அழுத்தம் வரும் வாய்ப்பு அதிகம், இதய நோயும் பக்கவாதமும் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு. நான் வருஷத்துக்கு ஒரு முறை பி.பி., சுகர், கொழுப்பு பார்த்துக்கொள்கிறேன். அம்மாவுக்கு 50 வயதில் பி.பி. வந்தது, மாத்திரையில் இருக்கிறார்.

பி.பி. எழுதி வைத்த அந்த நோட்டைத் தூக்கிப் போடாதீர்கள். டிஸ்சார்ஜ் சீட்டையும் அதில் ஒட்டி, முதல் பக்கத்தில் உங்கள் மாமியார் சொன்னதையும் எழுதி வையுங்கள். எத்தனை வாரம், எவ்வளவு பி.பி., என்ன மருந்து. பிறந்திருப்பது பெண் குழந்தை. இருபத்தைந்து, முப்பது வருஷம் கழித்து ஒரு டாக்டர் அவளிடம் "உங்கம்மாவுக்கு எப்படி?" என்று கேட்பார். என் மகளுக்காக நான் எழுதி வைத்த நோட்டில் முதல் பக்கத்தில் 1984 என்று போட்டு, ஆண் குழந்தை, தலை நிறைய முடி என்றும் எழுதியிருக்கிறேன்.

நாளைக் காலை எண்ணையும் போடுங்கள். பார்க்கிறேன்.